ஓ.பி. சீட்டில் இல்லாத கேள்வி

ஐயா, வணக்கம்.

எம்.பி.பி.எஸ். முடித்துப் பல்லடம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். வருகிறவர்களில் பலருடைய நோய்க்கு மருந்து என் மேஜையில் இல்லை, அரசாணையில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஐ.ஏ.எஸ். எழுதலாமா, பொதுக்கொள்கை படிக்கலாமா? அப்பா, “பி.ஜி. முடிச்சு ஈரோட்டுல ஆஸ்பத்திரி கட்டற வழியப் பாரு சாமி” என்கிறார். மருத்துவத்தையும் கொள்கையையும் சேர்த்துச் செய்ய முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முடியும். ஆனால் கொள்கை சென்னையிலும் டெல்லியிலும் இருக்கிறது, நாம் பல்லடத்தில் மாட்டிக்கொண்டோம் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் ஓ.பி. சீட்டையே எடுத்துப் பாருங்கள். பெயர், வயது, ஊர் இருக்கும். என்ன வேலை என்பது பெரும்பாலும் இருக்காது. மூச்சிரைப்போடு வருகிறவருக்கு ‘வீசிங்’ என்று எழுதி மாத்திரை கொடுத்தாகிவிடும். அவர் கழிவுப்பஞ்சை நூலாக்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்லில் பத்து வருஷம் நின்றவராக இருக்கலாம். பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ் பற்றிப் படித்திருப்பீர்கள்: வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு அதிகம் இறுகும். பாடப்புத்தகம் அந்த நாளைத் திங்கள் என்கிறது. நம் மில்களில் எல்லோருக்கும் ஞாயிறா லீவு? திங்களைப் பற்றி மட்டும் விசாரித்தால் ஆள் தப்பிவிடுவார். “லீவு முடிஞ்சு போற அன்னைக்கு எப்படி இருக்குதுங்க?” என்று கேட்க வேண்டும்.

இந்த நோய் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்கான சட்டப் பட்டியலில் தொழில்நோயாக இருக்கிறது. அதாவது நிரூபித்தால் இழப்பீடு உண்டு. ஆனால் இ.எஸ்.ஐ. பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாத இடங்களுக்குத்தான். மூன்று நான்கு பேர் ஓட்டும் தறிக்கூடம் அதற்குள் வராது. வருகிற மில்லிலும், சீட்டில் வேலை எழுதப்படாதவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? இத்தனை பேருக்கு இருக்கிறது என்று சொல்ல ஆளில்லாததால் துறையும் கேட்பதில்லை. உங்கள் கொள்கை ஆர்வத்துக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆறு மாதம், மூச்சிரைப்போடு வருகிற ஒவ்வொருவரின் வேலை, எந்தப் பிரிவு, எத்தனை வருஷம் என்று எழுதுங்கள். அரசு ஊழியர் என்பதால் பத்திரிகைக்குப் போகாதீர்கள், விதி இடிக்கும். வட்டார மருத்துவ அலுவலர் வழியாகவே மேலே அனுப்புங்கள். ஆய்வாக வெளியிட நினைத்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

ஐ.ஏ.எஸ். தவறில்லை. ஆனால் சுகாதாரத் துறைதான் கிடைக்கும் என்று யார் உறுதி தருவார்? தமிழ்நாட்டில் பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகமே இருக்கிறது. பொது சுகாதாரச் சட்டம் 1939-லேயே வந்துவிட்டது. மருத்துவராக இருந்துகொண்டே நிர்வாகத்துக்குள் போக இங்கே ஒரு பாதை இருக்கிறது. சென்னையில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்திலும், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்திலும் பொது சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பு உண்டு. சமூக மருத்துவத்தில் எம்.டி. இன்னொரு வழி. அதுவும் பி.ஜி.தான், அப்பா பாதியாவது சமாதானமாவார்.

படிப்பை அடுத்த வருஷம்கூட முடிவு செய்யலாம். நோட்டை இப்போதே தொடங்குங்கள். உங்களோடு படித்தவர்கள் சூலூரிலோ உடுமலையிலோ இருந்தால் அவர்களையும் இதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு நிலையத்துக் கணக்கை ‘அந்தப் பக்கம் தூசி ஜாஸ்தி’ என்று ஒதுக்கிவிடுவார்கள். மூன்று வட்டாரத்துக் கணக்கை அப்படி ஒதுக்க முடியாது.