பழைய ஈட்டிப் பலகை: நம்பி வாங்கலாமா?

கேள்வி: பழைய வீடு இடித்ததில் கிடைத்தது, அசல் ஈட்டி என்று ஒருவர் நான்கு பலகை காட்டுகிறார். கருஞ்சிவப்பாகப் பளபளவென்று இருக்கிறது. அதில் எழுதும் மேசை செய்ய ஆசை. வாங்கலாமா?

பதில்: அந்தப் பளபளப்பு பாலிஷ் வேலை, அதைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பலகையைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தையும் வெட்டு முனையையும் பாருங்கள். ஈட்டியின் (தோதகத்தி, ரோஸ்வுட் என்பதும் இதைத்தான்) வைரப்பகுதி (மரத்தின் நடுவில் இருக்கும் கெட்டிப் பகுதி) பொன்பழுப்பிலிருந்து கருஊதா வரை இருக்கும், ஊடே கருங்கோடுகள் ஓடும், அந்த நிறம் வெட்டு முனையிலும் தெரிய வேண்டும். ஓரத்தில் கத்தியால் லேசாகச் சுரண்டுங்கள்: வேறு மரத்துக்குச் சாயம் ஏற்றியிருந்தால் உள்ளே வெளுத்துவிடும், ஈட்டி என்றால் சுரண்டிய தூளில் மெல்லிய இனிப்பு வாசனை வரும். தூக்கியும் பாருங்கள். ஒரு கன அடி தேக்கு ஏறக்குறைய 18 கிலோ, ஈட்டி 23, 24 கிலோ வரும்.

பலகையோரத்தில் வெளிர்மஞ்சளாக இருப்பது வெளிறு, அதாவது வைரத்தைச் சுற்றியுள்ள மென்மையான பகுதி. பூச்சி அரிக்கும், அதற்கு ஈட்டி விலை கொடுக்காதீர்கள்.

சரி, அசல்தான் என்றே வையுங்கள். ஆசாரிக்கு இது பொறுமை கேட்கிற மரம். இழை முன்னும் பின்னுமாகப் பின்னிக் கிடப்பதால் இழைப்புளி ஓரிடத்தில் வெண்ணெயாக ஓடும், இரண்டு விரல்கடை தள்ளிப் பிய்த்துக்கொண்டு வரும். சில பலகைகளில் சுண்ணாம்புப் படிவு இருக்கும், அது உளியின் கூர்மையை மழுக்கிவிடும், அடிக்கடி தீட்ட வேண்டும். எண்ணெய்ப்பசை உள்ள மரம் என்பதால் ஒட்டும் இடத்தை அசிட்டோனில் துடைத்து, காய்ந்த கையோடு பசை போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மூட்டு பின்னால் விட்டுப்போகலாம். பழைய பலகை ஆயிற்றே, இழைக்கும் முன் காந்தத்தை ஓட்டி ஆணி இருக்கிறதா பார்க்கட்டும். தூள் சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும், முகக்கவசம் கட்டாயம்.

இன்னொன்று, முழு மேசையையும் ஈட்டியில் செய்யாதீர்கள் என்பேன். கிட்டாரின் முதுகுக்கும் மைசூர் மரப்பதிப்பு வேலைக்கும் தேடப்படுகிற இந்த அழகு கண்ணில் படும் இடத்தில் இருந்தால்தான் பயன். மேல்பலகையும் இழுப்பறை முகப்பும் ஈட்டி, காலும் உள்வேலையும் தேக்கு. நான்கு பலகைக்குப் பதில் இரண்டே போதலாம்.

அப்புறம், பில்லும் மரம் வந்த வழிக்கான காகிதமும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஈட்டி அழிவை நோக்கிப் போகிற மரம், 2017 முதல் ஈட்டி சேர்ந்த டல்பெர்ஜியா பேரினத்து மரங்கள் எல்லாமே சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) கட்டுப்பாட்டில் இருக்கின்றன. 'இடிப்பு மரம்' என்ற பெயரில் காட்டில் திருட்டுத்தனமாக வெட்டியதும் கைமாறலாம். ஆணித்துளை, பழைய மூட்டு வெட்டிய தடம், இரும்புக் கறை ஒன்றுகூட இல்லாத 'பழைய' பலகை என்றால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.