படத்தில் இடப்பக்கம், திரையில் வலப்பக்கம்

கேள்வி: நான் அஞ்சல் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். என் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்பதால், தங்கை மகன் அதில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தின் 24.04 பதிப்பை நிறுவித் தந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். பழைய புத்தகக் கடையில் உபுண்டுக்கான படவிளக்கக் கையேடு ஒன்றை வாங்கினேன், அது 16.04 பதிப்புக்கு எழுதப்பட்டது. சாளரத்தை மூடும் பொத்தான் படத்தில் இடப்பக்கம் இருக்கிறது, என் திரையில் வலப்பக்கம் இருக்கிறது. நூலின் பின்னட்டையில் ஒரு டிவிடியும் உள்ளது. படங்கள் பொருந்த வேண்டுமென்பதற்காக அதையே நிறுவிக்கொள்ளலாமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: நிறுவ வேண்டாம். 16.04 என்ற எண் 2016 ஏப்ரலைக் குறிக்கிறது. அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஐந்தாண்டுப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2021 ஏப்ரலோடு முடிந்துவிட்டதால், அதைக் கொண்டு இணையத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பது பூட்டில்லாத பெட்டியில் பணம் வைப்பதற்கு ஒப்பாகும். டிவிடியிலிருந்து கணினியைத் துவக்கி, நிறுவாமலே முயன்று பார்க்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து, இணைய இணைப்பின்றிப் பழகிப் பார்க்கலாம். கணினியை அணைத்ததும் அங்கே செய்தவை மறைந்துவிடும். ஆனால் அதே திரையில் நிறுவும் பொத்தானும் அருகிலேயே இருக்கும். அதை அழுத்தி, வட்டு முழுவதையும் அழிக்கும் தெரிவுக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டால் உங்கள் கோப்புகள் அனைத்தும் போய்விடும் என்பதால், மிகுந்த கவனம் வேண்டும்.

பொத்தான் இடம் மாறியதில் உங்கள் தவறு ஏதுமில்லை. உங்கள் நூல் காட்டுவது யூனிட்டி என்ற முகப்பை. 2017 அக்டோபரில் வெளிவந்த 17.10 பதிப்பில் உபுண்டு அதைக் கைவிட்டு க்னோம் முகப்புக்கு மாறியபோது, அதுவரை இடப்பக்கம் இருந்த பொத்தான்கள் வலப்பக்கம் வந்தன. இடப்பக்கப் பட்டையின் உச்சியில், செயலிகளைத் தேடித் திறப்பதற்காக இருந்த உபுண்டுச் சின்னம் இன்று அதே பட்டையின் அடியில் இருக்கிறது. மென்பொருள் நிறுவும் செயலியோ பெயரே மாறி ‘ஆப் சென்டர்’ ஆகிவிட்டது. கையேட்டில் முதலில் பழசாவது படம்தான். படங்களை நம்பி வாங்கிய உங்களுக்கு இதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் நூலைப் பரணில் போட்டுவிடாதீர்கள். மவுஸை எங்கே கொண்டுசெல்ல வேண்டும் என்று சொல்லும் பக்கங்கள் காலாவதியாகியிருந்தாலும், எந்த விசையை அழுத்த வேண்டும் என்று சொல்லும் பக்கங்களில் பல இன்றும் செல்லும். விண்டோஸ் சின்னமுள்ள விசையை அழுத்திச் செயலியின் பெயரைத் தட்டினால் அன்றும் அது கிடைத்தது, இன்றும் கிடைக்கிறது. கண்ட்ரோல், ஆல்ட் ஆகியவற்றோடு ‘டி’ (T) விசையை அழுத்தினால் இரண்டு பதிப்பிலும், கட்டளைகளைத் தட்டச்சுசெய்யும் சாளரமான டெர்மினல் திறக்கும். கோப்புகளைப் பற்றிய இயலை மட்டும் இரண்டு முறை படியுங்கள். விண்டோஸில் ‘சி’, ‘டி’ என்று டிரைவ்களைப் பிரித்துப் பழகியவருக்கு, எல்லாமே ஒரே வேரிலிருந்து கிளைக்கும் கோப்புறைகளாக இருப்பதும், பென் டிரைவ்கூட ‘மீடியா’ என்ற கோப்புறைக்குள் ஒரு கிளையாக வந்து சேர்வதும் முதலில் குழப்பத்தையே தரும். கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகவே கொள்ளப்படும். (தமிழில் பெயர் வைப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை.) டெர்மினல் பற்றிய இயலோ அநேகமாக அப்படியே பயன்படும், ஏனெனில் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’, நகலெடுக்கும் ‘சிபி’ போன்ற கட்டளைகள் 1970களின் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்திலிருந்தே வழங்கிவருபவை.

நாளுக்கு ஓர் இயலைக் கணினி முன் அமர்ந்தே படித்து, படம் மாறுபடும் இடத்தில் உங்கள் திரையில் உள்ளதைப் பென்சிலால் ஓரத்தில் குறித்து வாருங்கள். சில வாரங்களில் அது 24.04-க்கான நூலாகவே ஆகிவிடும். அந்தப் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும்.

கேள்வி: உபுண்டுக் கையேட்டில் உள்ளபடி டெர்மினலில், நிர்வாகி உரிமையோடு வேலை செய்வதற்கான ‘சுடோ’ (sudo) என்று தொடங்கும் கட்டளையைக் கொடுத்தேன். கடவுச்சொல் கேட்டது, ஆனால் எழுத்துகளை அழுத்தினால் திரையில் ஒன்றுமே வரவில்லை. விசைப்பலகை பழுதா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: பழுதில்லை. கடவுச்சொல்லின் நீளம்கூட அருகிலிருப்பவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காக, நட்சத்திரக் குறிகளும் இல்லாமல் டெர்மினல் அதை மறைக்கிறது. தட்டி முடித்து என்டர் விசையை அழுத்துங்கள். அச்சுப் படத்தில் இதைக் காட்ட வழியில்லை, ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

கேள்வி: தட்டச்சுப் பொறியில் தமிழ் பயின்றவன் நான். என்னிடமுள்ள உபுண்டுக் கையேட்டில் தமிழ் உள்ளீடு பற்றி ஒரு சொல்லும் இல்லை. என்ன செய்வது?
— வாசகர், ஈரோடு

பதில்: அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குச் சென்று, ‘இன்புட் சோர்சஸ்’ என்பதன் கீழுள்ள கூட்டல் குறியை அழுத்தித் தமிழைத் தேடுங்கள். தமிழ்99 விசைப்பலகை முறையும் பழைய தட்டச்சு முறையும் பட்டியலில் தென்படாவிட்டால், ‘ஐபஸ் எம்17என்’ (ibus-m17n) என்ற மென்பொருள் பொதியை நிறுவி, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைந்து பாருங்கள். விரல்கள் பழகிவிட்டதால் உங்களுக்குத் தட்டச்சு முறையே உகந்தது. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையே மாற, விண்டோஸ் சின்னமுள்ள விசையோடு இடைவெளி விசையைச் சேர்த்து அழுத்தினால் போதும்.