அண்ணாச்சி பதில்கள்: ஸ்பீடு டபுளு, பிரேக்கு நாலு மடங்கு

கேள்வி: அண்ணாச்சி, காலேஜ்ல ரோடு சேஃப்டி கிளாஸ் எடுத்தாவ. ஸ்பீடு ரெண்டு மடங்கானா வண்டி நிக்க நாலு மடங்கு தூரம் வேணுமாம். அதே பிரேக்கு, அதே டயரு, பின்ன ரெண்டு மடங்குதான வரணும்? நாலு எங்கன இருந்து வந்துச்சு?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ஒன் கணக்கு பாதி சரி தம்பி. ரெண்டு மடங்கு ஆவுறது நேரம், தூரம் இல்ல. வண்டியும் நீயுமா 200 கிலோன்னு வச்சுக்க. 36 கிலோமீட்டர் ஸ்பீடுன்னா செகண்டுக்கு 10 மீட்டர், 72ன்னா 20 மீட்டர். பிரேக்கு ரெண்டு தடவையும் ஒரே சீரா 1000 நியூட்டன் விசையில பிடிக்குன்னா ஒவ்வொரு செகண்டுக்கும் ஒன் வேகத்துல 5 மீட்டர் கழியும், ஆக 36ல வந்தவன் 2 செகண்டுல நிப்பான், 72ல வந்தவன் 4 செகண்டுல நிப்பான். இதுவரைக்கும் நீ சொன்னதுதான். ஆனா அந்த 4 செகண்டும் வண்டி ஓடிக்கிட்டேல்லா இருக்கு, அதுவும் சராசரியா செகண்டுக்கு 10 மீட்டர்ல, மத்தவனுக்கு சராசரி வெறும் 5 தான். நேரமும் டபுளு, சராசரி வேகமும் டபுளு, பெருக்கிப் பாரு, ஒருத்தன் 10 மீட்டர்ல நிக்கான், இன்னொருத்தன் 40 மீட்டர் தள்ளிப் போயி நிக்கான்.

விசையை நேரத்தால பெருக்குனா உந்தம் (நிறை × வேகம்) எவ்வளவு மாறுச்சுன்னு வரும், தூரத்தால பெருக்குனா வேலை வரும், அதான் இயக்க ஆற்றல்ல, அதாவது ஓடுறதால வண்டிக்கு இருக்க ஆற்றல்ல வந்த மாற்றம். 1000 நியூட்டன், 10 மீட்டர், பெருக்குனா 10,000 ஜூல் (ஆற்றலை அளக்க அலகு). நிறையில பாதியை வேகத்தோட வர்க்கத்தால பெருக்கு, 100 × 100, அதே 10,000. ஸ்பீடு டபுளானா 40,000. வர்க்கம் அங்கன உக்காந்திருக்க காரணம் இவ்வளவுதான்.

ஓடுற பொருளோட பலத்தை எப்படி அளக்கணும்னு ஐரோப்பாவுல பெரிய பெரிய மூளைக்காரங்களே பல வருசம் அடிச்சுக்கிட்டாவ. பிரான்ஸ் தத்துவக்காரரு தேகார்த்தோட கட்சி நிறையை வேகத்தால பெருக்குனாப் போதும்னுச்சு, ஜெர்மன்காரரு லைப்னிட்ஸ் 1686ல இல்ல, வேகத்தோட வர்க்கத்தாலதான் பெருக்கணும்னு மல்லுக்கு நின்னாரு. அப்பறம் 1720கள்ல ஸ்கிராவசாண்டேன்னு ஒரு டச்சுக்காரரு பித்தளைக் குண்டை ஒசரத்துல இருந்து களிமண்ணுல போட்டுப் பாத்தா, வேகம் டபுளான குண்டு நாலு மடங்கு ஆழத்துக்குப் புதைஞ்சிருக்கு. நீ கேட்ட பிரேக்குக் கணக்கேதான், களிமண்ணுதான் அங்க பிரேக்கு. எமிலி து சாட்லேன்னு பிரான்ஸ்காரம்மா 1740ல போட்ட புத்தகத்துல இந்தச் சோதனையைக் காட்டி லைப்னிட்ஸ் பக்கம் பேசினாவ. அந்த ‘பாதி’யைச் சேத்து, விசை × தூரத்துக்கு வேலைன்னு பேரை நிலைக்க வச்சது கொரியோலிஸ்ங்கிற பிரான்ஸ்காரரு, 1829ல. ஒரு கட்சி உந்தத்தையும் இன்னொண்ணு ஆற்றலையும் அளந்துக்கிட்டு சண்டை போட்டிருக்காவ, ரெண்டும் உண்மைதான்.

நாலுவழிச்சாலையில மாடு குறுக்க வந்தா நீ பிரேக்கை மிதிக்கவே ஒரு செகண்டு போயிரும், அதுல 72க்கு 20 மீட்டர் கழிஞ்சுது, ஆக மொத்தம் 60. நீ மனசுக்குள்ள போட்ட கணக்குக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாத்துக்க. சரி, அந்த 40,000 ஜூல் எங்க போச்சு? பெரும்பாலும் டிஸ்க்கு சூடாச்சு. சொரிமுத்தையனார் கோயிலுக்குப் போயிட்டு பாவநாசம் எறங்கும்போது இது இன்னும் மோசம், 100 மீட்டர் ஒசரம் எறங்குனாலே ரெண்டு லட்சம் ஜூல் கிட்ட வருது, அது 72ல இருந்து அஞ்சு தடவை பிரேக் பிடிச்சு நிறுத்துன மாதிரி. கீழ வந்து டிஸ்க்குல தண்ணியத் தெளிச்சா சுர்ருங்கும், கைய மட்டும் வச்சுராத. ரெண்டாவது கியர்ல எறங்கு, ஒரு பங்கை எஞ்சின் வாங்கிக்கிடும்.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் லோடுமேன். மூட்டையத் தலையில வச்சு சமதரையில நடந்தா மூட்டை மேல செய்த வேலை பூஜ்ஜியம்னு புக்குல இருக்காம், பின்ன அப்பாவுக்கு ஏன் வேர்க்குன்னு எம்மவ கேக்கா.
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மகராசியா இருக்கட்டும். தல மூட்டைய மேல் பாத்து தாங்குது, மூட்டை போறது பக்கவாட்டுல, விசை இருக்க திசையில நகர்வு இல்ல, அதனால பூஜ்ஜியம். 50 கிலோ மூட்டையத் தரையில இருந்து ஒன்றரை மீட்டர் தூக்குனாரே, அதுக்கு 735 ஜூல் உண்டு. ஆனா தசைங்கிறது பலகை மாதிரி சும்மா தாங்காதும்மா, உள்ள இழை இழையா இழுத்து விட்டு இழுத்து விட்டுத்தான் பாரத்தைப் பிடிக்கு, அதுக்குச் சாப்பாடு எரியுது, சூடு வருது, வேர்க்கு. புக்கு மூட்டையோட கணக்கை மட்டும் போடுது, ஒங்க வீட்டுக்காரர் ஒடம்புக் கணக்கு அதுல கெடையாது. கூலி பேசும்போது புக்கை நம்பாதிய.

கேள்வி: பணகுடி தாண்டி முப்பந்தல் போற வழியில காத்தாடி காத்து டபுளானா எட்டு மடங்கு கரண்டு தருமாமே, நெசமா?
- வாசகர், வள்ளியூர்

பதில்: காத்துல இருக்க பவரு எட்டு மடங்குதான். ஒவ்வொரு கிலோ காத்துக்கும் நாலு மடங்கு ஆற்றல், அதோட ஒரு செகண்டுல எறக்கையக் கடக்க காத்தும் டபுளு. ஆனா மெஷினுக்குன்னு ஒரு உச்சம் உண்டு, அதுக்கு மேல ஆடிக்காத்து எவ்வளவு வீசினாலும் கூடத் தராது. காத்துல உள்ளதை முழுசாவும் எடுக்க முடியாது, 59.3 சதவீதம்தான் எல்லைன்னு பெட்ஸ்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி கணக்குப் போட்டாரு. முழுசா எடுத்தா காத்து எறக்கைக்குப் பின்னாலயே நின்னு போயிரும், அடுத்து வர்ற காத்து எப்படி உள்ள வரும்?