லேப் ரிப்போர்ட்டை எப்படி நம்புவது?

கேள்வி: அப்பாவுக்கு ஒரே நாள் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு இடத்தில் ரத்தம் கொடுத்தோம். சர்க்கரை கோபியில் 128, ஈரோட்டில் 109. எந்த லேப் நல்ல லேப்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: முதலில் ரிப்போர்ட்டில் என்.ஏ.பி.எல். முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 15189 என்ற தரநிலையை வைத்து லேப்களை நேரில் வந்து சோதித்து அங்கீகாரம் தரும் அமைப்பு அது. ஆனால் முத்திரையோடு நின்றுவிடாதீர்கள், அங்கீகாரம் லேப் மொத்தத்துக்கும் கிடைப்பதில்லை, ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனித்தனியாகத்தான், அதனால் உங்கள் டெஸ்ட் அந்தப் பட்டியலில் உண்டா என்று என்.ஏ.பி.எல். இணையதளத்தில் தேடிவிடுங்கள். இது கட்டாயமில்லை என்பதால் முத்திரை இல்லாத லேப் எல்லாம் மோசம் என்றும் சொல்ல முடியாது. அங்கே தயங்காமல் கேளுங்கள்: தினமும் கன்ட்ரோல், அதாவது அளவு முன்பே தெரிந்த மாதிரியை, ஓட்டிப் பார்க்கிறீர்களா? வெளித்தரச் சோதனையில் சேர்ந்திருக்கிறீர்களா? இந்த வெளித்தரச் சோதனையில் வேலூர் சி.எம்.சி. மாதிரியான இடங்களிலிருந்து அளவு சொல்லாத மாதிரிகள் வரும், லேப் அதைச் சோதித்து முடிவை அனுப்ப வேண்டும். இதற்கு முகம் சுளிக்கும் லேப் எனக்குச் சரிப்படாது.

அப்புறம், ரத்தம் எடுத்த இடத்திலேயே சோதித்தார்களா, கோயம்புத்தூருக்கு அனுப்பினார்களா? செல்களைப் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அந்தச் செல்களே சர்க்கரையைத் தின்றுவிடும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். உங்கள் 109-க்கு இதுவும் காரணமாக இருக்கலாம். இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள், மூன்று மாதச் சராசரி தெரிய எச்.பி.ஏ.1.சி. வேண்டுமா என்றும் கேளுங்கள். அதுவரை மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.