ஐரோப்பிய வரம்பையே தேசிய விதியாக்கலாமா?

வணக்கம். நிலக்கடலையில் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சான அஃப்ளாடாக்சினுக்கு ஐரோப்பிய வரம்பையே தேசிய விதியாக்கச் சொல்கிறார்கள், எங்கள் ஆய்வகங்கள் தாங்காது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

முதலில், எந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். நேரடியாக உண்ணும் கடலைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் மொத்த வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். மேலும் பதப்படுத்தப் போகும் கடலைக்கான கோடெக்ஸ் (பன்னாட்டு உணவுத் தர நெறிகள்) வரம்போ 15. இவை வேறு வேறு வகைகள். நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

உலக வணிக அமைப்பின் எஸ்பிஎஸ் (உணவுப் பாதுகாப்பு, விலங்கு, தாவர நலம் பற்றிய) ஒப்பந்தப்படி, கோடெக்ஸோடு ஒத்துப்போகும் விதி ஒப்பந்தத்துக்கும் இணங்கியதாகவே கொள்ளப்படும். அதைவிடக் கடுமையாக்கினால் அறிவியல் ஆதாரம் காட்டும் பொறுப்பு உங்கள் அரசின் மேல் விழும். எனவே கோடெக்ஸை அடிப்படையாக வையுங்கள். ஏற்றுமதிச் சரக்குக்கு மட்டும் வாங்கும் நாட்டின் வரம்புப்படி தனிச் சான்றிதழ் கொடுக்கலாம்.

அப்புறம் ஒன்று, எனக்கு இதுதான் மிக முக்கியம்: ஏற்றுமதியில் திருப்பி அனுப்பப்பட்ட சரக்கு சோதனையின்றி உள்நாட்டுச் சந்தைக்குள் போகாதபடி தெளிவான விதி எழுதுங்கள். கல்லீரல் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு இது. நம் மக்கள் அதைத் தின்ன விடக்கூடாது.

ஆய்வகத்துக்கு எஸ்டிடிஎஃப் (வளரும் நாடுகள் இத்தகைய தரங்களை எட்ட உதவும் பன்னாட்டு அமைப்பு) உதவியைக் கேட்டுப் பாருங்கள். ஆனாலும் அறுவடைக்குப் பின் கடலையைச் சரியாக உலர்த்தாவிட்டால், எத்தனை சோதனை செய்தும் பயனில்லை. அதற்கான கோடெக்ஸ் நடைமுறை நெறி 2004லேயே வந்துவிட்டது. வரைவோடு அதையும் இணையுங்கள்.