தம்பிக்கு லித்தியம் தொடங்கியிருக்கிறார்கள், கிட்னி போய்விடுமா?

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். இரண்டு மாதங்களுக்கு முன்னால் தூக்கமே இல்லை, நாள் முழுக்கப் பேச்சு, கடன் வாங்கிச் செலவு, யார் என்ன சொன்னாலும் கோபம். டாக்டரிடம் காட்டினோம், பைபோலார் (மனம் அளவுக்கு மீறி எழும்புவதும் சோர்வதுமான மனநோய்) என்றார்கள். முதலில் ஓலான்சபின் என்ற மனநல மாத்திரை கொடுத்தார்கள். ஒன்பது நாளாக லித்தியம் 300 மி.கி. காலையும் இரவும் சேர்த்திருக்கிறார்கள். ரத்தம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார்கள். மெடிக்கல் ஷாப்காரர் “இது கிட்னியை அடிச்சிடும்” என்று சொன்னதிலிருந்து அம்மா அவனுக்கு உப்பில்லாமல் சமைக்கிறார், நெருஞ்சில் கஷாயம் கொடுக்கிறார். அவனுக்குக் கை லேசாக நடுங்குகிறது, தாகம் அதிகம். மாத்திரையே இல்லாமல் மூன்று மாதத்தில் குணமாக்கும் இல்லம் ஒன்று இருக்கிறது, சேர்த்துவிடுகிறேன் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லி, இன்று ராத்திரிச் சாப்பாட்டிலிருந்தே பழையபடி உப்புப் போட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். கஷாயத்தையும் நிறுத்திவிடுங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

லித்தியமும் ஒரு வகை உப்புதான். அதையும் சோற்றுப்பில் இருக்கும் சோடியத்தையும் சிறுநீரகம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடத்தும். சாப்பாட்டில் உப்புக் குறைந்துபோனால், இருப்பதை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கும். அப்போது லித்தியமும் சேர்ந்து தங்கி, ரத்தத்தில் அளவு ஏறிவிடும். நெருஞ்சில் போன்ற சிறுநீர் பெருக்கும் மூலிகைகளும் உடம்பின் நீரையும் உப்பையும் இறக்குவதால் அதே விளைவில்தான் கொண்டுபோய் விடும். கிட்னியைக் காப்பாற்ற அம்மா செய்கிற இரண்டுமே தம்பிக்கு எதிராகத் திரும்பக்கூடியவை. அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாத்திரையை எழுதியவர்கள் உட்கார வைத்து இரண்டு நிமிடம் பேசியிருக்க வேண்டும். நம் ஓ.பி.களில் அந்த இரண்டு நிமிடம் யாருக்கும் கிடைப்பதில்லை. “மாத்திரையை விடாம சாப்பிடுங்க” என்ற ஒரு வரி, உடனே அடுத்த டோக்கன். மீதியை மெடிக்கல் ஷாப்பில் நிற்பவர் சொல்லிக்கொடுக்கிறார்.

சரி, கிட்னி விஷயம். லித்தியம் புது மருந்தல்ல. ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மனநல மருத்துவர் 1949-இல் எழுதிய கட்டுரைதான் இதன் தொடக்கம். 75 ஆண்டுகளுக்கு மேல் மக்கள் சாப்பிட்டு வரும் மாத்திரை என்பதால் இதன் நல்லது கெட்டது இரண்டும் நமக்குத் தெரியும். பத்து, இருபது ஆண்டுகள் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களில் சிலருக்குச் சிறுநீரகத்தின் திறன் மெல்லக் குறைவது உண்மை. அது ஒரே வாரத்தில் நடப்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பார்த்து வந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும், அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். ரத்தத்தில் அளவு கவனிக்கப்படாமல் மேலே மேலே ஏறுவதுதான் சிறுநீரகத்துக்குப் பெரிய கெடுதல். தைராய்டு மந்தமாவதும் உண்டு, அதற்குத் தனி மாத்திரை கொடுத்துச் சமாளித்துவிடலாம். இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். இந்த நோய் திரும்பத் திரும்ப வராமல் தடுப்பதிலும், தற்கொலையைத் தடுப்பதிலும் லித்தியத்துக்கு இணையாகச் சொல்லக்கூடிய மருந்துகள் மிகக் குறைவு. 26 வயதுப் பையனுக்கு அதைத் தொடங்கியது சரியான முடிவு.

கை லேசாக நடுங்குவது, தாகம், அடிக்கடி சிறுநீர், கொஞ்சம் குமட்டல், வாயில் உலோகச் சுவை எல்லாம் முதல் வாரங்களில் எதிர்பார்க்க வேண்டியவை. சாப்பிட்ட பிறகு மாத்திரை போட்டால் குமட்டல் குறையும். தாகத்துக்குத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கட்டும், கலர் சோடாவும் சர்க்கரை ஜூஸும் வேண்டாம், எடை ஏறும். பகலில் தூங்கி வழிந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் ஓலான்சபின், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். லித்தியத்தின் பலன் தெரிய ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் கூடுதல் நாள் பிடிக்கும். ஒன்பதாம் நாளில் “ஒண்ணும் மாறலையே” என்று விடக்கூடாது. பிறகு நன்றாக ஆனதும் “அதான் சரியாயிடுச்சே” என்றும் விடக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் பழைய வேகத்தோடு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போட வேண்டாம்.

ஆனால் நடுக்கம் டம்ளர் பிடிக்க முடியாத அளவுக்குப் போனால், நடை தள்ளாடினால், நாக்குக் குழறினால், வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்காமல் போனால், பேச்சு குழம்பினால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போனதும் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை “லித்தியம் சாப்பிடுறான்”. சொல்லாவிட்டால் சாதாரண வயிற்றுப்போக்கு என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள்.

அடுத்ததை எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். செட் மாத்திரை. நாள் முழுக்க அயர்ன் டேபிளில் நிற்கிறவருக்கு முதுகுவலி வராமல் இருக்காது. மெடிக்கலில் போய் “உடம்பு வலிக்கு ஒரு செட் குடுங்க” என்றால் பேரில்லாமல் நாலைந்து மாத்திரையைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். அதில் டைக்ளோஃபெனாக்கோ, அசிக்ளோஃபெனாக்கோ, இபுபுரூஃபெனோ ஒன்று நிச்சயம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். இந்த வலி மாத்திரைகள் லித்தியம் வெளியேறுவதைக் குறைத்து ரத்தத்தில் அளவை ஏற்றிவிடும். கிட்னியைப் பற்றி உங்களைப் பயமுறுத்திய அதே கடையிலேயே இது சீட்டில்லாமல் கிடைக்கும். மருந்துச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது, கேட்க ஆளில்லை. வலி, காய்ச்சல், பல்வலி எதுவானாலும் உங்கள் தம்பிக்குப் பாராசிட்டமால் மட்டும். அதற்குமேல் வேண்டுமென்றால் டாக்டரிடம் லித்தியத்தைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். சில பிரஷர் மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

ரத்தப் பரிசோதனைக்கு வருவோம். அடுத்த மாதம் என்றது மிகத் தாமதம். தொடங்கி, அல்லது அளவை மாற்றி, ஐந்திலிருந்து ஏழு நாளில் லித்தியம் அளவு பார்க்க வேண்டும். உப்பும் குறைந்திருப்பதால் நாளைக்கே எடுங்கள். தொடர் சிகிச்சையில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 1.5-ஐத் தாண்டினால் நச்சு. இடைவெளி இவ்வளவு குறுகலாக இருக்கும் மருந்துக்கு எல்லா அரசு மருத்துவமனையிலும் பரிசோதனை வசதி இருக்க வேண்டாமா? மாத்திரையை இலவசமாகக் கொடுத்துவிட்டு டெஸ்டுக்கு வெளியே போ என்று அனுப்புவது பாதி வைத்தியம். வெளியே போனால் லேப் ஏஜென்ட் முழு உடல் பேக்கேஜைத் தலையில் கட்டப் பார்ப்பார். ஐம்பது அறுபது டெஸ்ட் போட்டிருக்கும், லித்தியம் அதில் பெரும்பாலும் இருக்காது. உங்களுக்கு வேண்டியது லித்தியம் அளவு, கிரியேட்டினின், தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச்., கால்சியம், அவ்வளவுதான். ரத்தம் எடுக்கும்போது “லித்தியம் டெஸ்டுக்கு” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சில பச்சை மூடிக் குழாய்களில் ரத்தம் உறையாமல் இருக்கப் பூசியிருக்கும் பொருளிலேயே லித்தியம் உண்டு. அதில் எடுத்தால் இல்லாத அளவைக் காட்டிப் பயமுறுத்தும்.

கடைசியாகப் போட்ட மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ராத்திரி 9 மணிக்குப் போட்டால் காலை 9 மணிக்கு, காலை மாத்திரைக்கு முன்னால். வெறும் வயிறு தேவையில்லை. தம்பி இப்போது லீவில் இருந்தால் இது சுலபம். ஷிப்டுக்குப் போகத் தொடங்கினால்தான் குழப்பம், அதனால் விரிவாகச் சொல்கிறேன். ஷிப்ட் முடித்து நடுராத்திரி ஒரு மணிக்கு வந்து மாத்திரை போட்டுத் தூங்கினான் என்று வைத்துக்கொள்வோம். காலை 8 மணிக்கு லேப் திறந்ததும் ரத்தம் கொடுத்தால் ஏழு மணி நேரம்தான் ஆகியிருக்கும், அளவு கூடுதலாகத் தெரியும். டாக்டர் அதை நம்பி மாத்திரையைக் குறைப்பார், நோய் திரும்பும். அவன் மதியம் ஒரு மணிக்குத்தான் கொடுக்க வேண்டும், அதுவரை காலை வேளையைப் போடக்கூடாது. முதல் நாள் ராத்திரி மறந்துபோய், மதியம் வந்து கொடுத்தால் அளவு குறைவாகக் காட்டும், டாக்டர் ஏற்றுவார், அது இன்னும் ஆபத்து. மறந்த நாளில் டெஸ்டைத் தள்ளிப்போடுங்கள். இதற்கெல்லாம் எளிய வழி, ஒரு மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கம்பெனியில் எந்த ஷிப்டானாலும் ராத்திரி 9 மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்வது. கடைசி மாத்திரை நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் ரிப்போர்ட்டின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள்.

அந்த இல்லத்துக்கு அனுப்பாதீர்கள். சேர்த்துவிடுகிறேன் என்கிறவருக்கு ஆள் ஒன்றுக்குக் கமிஷன் இருக்கும். மாத்திரை இல்லை என்று சொல்லும் இடங்களில் பொடியிலும் லேகியத்திலும் தூக்க மருந்து கலந்திருப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஓர் இல்லத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயிலிருந்து தப்ப முடியாமல் 28 பேர் செத்தார்கள். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மனநோய் உள்ளவரை வைத்துச் சிகிச்சை தரும் எந்த இடமும் பதிவு செய்திருக்க வேண்டும். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், அந்தத் தெரிந்தவர் மறுபடி வரமாட்டார். நடுவில் சந்தேகம் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-க்கு எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசியாக வேலை. அயர்ன் செக்‌ஷனின் ஆவியில் வேர்வையோடு நீரும் உப்பும் போகும், லித்தியம் ஏறும். தண்ணீர் பாட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும், வெயில் மாதங்களில் மோரில் உப்புப் போட்டுக் குடிக்கட்டும். ராத்திரி வேலை முதல் ஆறு மாதத்துக்காவது கூடாது, தூக்கம் கெட்டாலே இந்த நோய் கிளம்பும். “பகல் ஷிப்ட் மட்டும்” என்று டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள், நோயின் பெயரை அதில் எழுத வேண்டியதில்லை. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால், தேவையான நாட்கள் சந்தா கட்டியிருந்தால், வருடத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. பணத்தைப் பிடித்துக்கொண்டு இ.எஸ்.ஐ. நம்பரைத் தராத காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பரை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் தம்பியின் ஆதாரை வைத்துத் தேடித் தரச் சொல்லுங்கள்.