மகள் இரவில் தட்டச்சு செய்வது வீண் அரட்டை அல்ல

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம். பிளஸ் டூ முடித்த மகள் இரவு வெகுநேரம் மடிக்கணினியில் முகம் தெரியாதவர்களோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கிறாள் என்றும், நிர்வாக ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று உங்கள் அண்ணன் சொல்வதால் நகைகளை அடகு வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாய்க்கு இந்தப் பயம் வருவது இயல்பு. ஆனால் நகையைத் தொட வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். உங்கள் மகள் இருப்பது லிபெரா சாட் என்னும் வலையமைப்பில், ஒரு திறந்த மூல மென்பொருளுக்கான (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்) அறையில். 'கொ' என்று தட்டச்சு செய்தால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கின்றன என்று அவள் எழுதியிருக்கிறாள். எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு என்று ஒருவர் கேட்கிறார். அவள் பொறுமையாகப் பதில் தருகிறாள். திருத்தத்தை நீயே எழுதி அனுப்பிப் பார் என்று அவர் சொல்கிறார். கல்லூரி முடித்தவர்கள்கூடத் தடுமாறும் வேலை இது.

லிபெரா சாட் இயங்குவது ஐஆர்சி என்னும் உரையாடல் முறையில். இந்த முறையை 1988இல் பின்லாந்தின் ஓவுலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினன் உருவாக்கினார். படமும் காணொளியும் இல்லாத வெறும் எழுத்து என்பதால் பழைய கணினியும் மெதுவான இணையமும் போதும். திறந்த மூலத் திட்டங்கள் பல ஆண்டுகள் ஃப்ரீநோடு என்னும் ஐஆர்சி வலையமைப்பில் கூடின; அதன் கட்டுப்பாடு கைமாறியதை ஏற்காத தன்னார்வலர்கள் 2021 மே மாதம் விலகி வந்து தொடங்கியதுதான் லிபெரா சாட். இலாப நோக்கற்ற அமைப்பாக அது சுவீடனில் பதிவாகியுள்ளது. உபுண்டு என்னும் இயங்குதளம், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா உள்ளிட்ட திட்டங்கள் அங்கே வந்துவிட்டன. டெபியன் என்னும் இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் பெரும்பாலும் ஓஎஃப்டிசி என்னும் இன்னொரு ஐஆர்சி வலையமைப்பில் இருக்கிறார்கள். மென்பொருளை எழுதியவரிடமே நேராகக் கேள்வி கேட்க, கட்டணமின்றி, இப்படி ஓர் இடம் வேறெங்கே கிடைக்கும்?

பாதுகாப்பு பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. புனைபெயரை நிக்சர்வ் என்னும் பெயர்ப்பதிவுச் சேவை மூலம் பதிவு செய்து, முகவரியை மறைக்கும் 'க்ளோக்' வசதி கணக்கில் இருப்பதை உறுதிசெய்து, இணையும்போதே அந்தக் கணக்கில் நுழைந்தால் அவளுடைய இணைய முகவரி பிறருக்குத் தெரியாது. தொலைபேசி எண், தெருப்பெயர், புகைப்படம் எதையும் தரக்கூடாது. பொது அறையில் எழுதுவதை யார் வேண்டுமானாலும் சேமித்து வைக்கலாம் என்பதையும் அவள் அறிந்திருக்க வேண்டும். பதில் வர மணிக்கணக்கில் ஆகலாம், ஏனென்றால் அவள் கேட்கும் நேரம் வேறு நாட்டிலிருந்து பதில் சொல்பவருக்கு நள்ளிரவாக இருக்கலாம். அறையைவிட்டு வெளியேறினால் அந்தப் பதில் பொதுவாகக் கிடைக்காது. அவள் இரவில் விழித்திருப்பதன் காரணம் இதுதான்.

கலந்தாய்வு, டிப்ளமோ பற்றியெல்லாம் உறவினர்கள் சொல்லியிருப்பார்கள், விடுகிறேன். பிராட்வேயிலுள்ள பாரதி மகளிர் கல்லூரியில் கணினி அறிவியலுக்கு விண்ணப்பியுங்கள். அது கிடைக்காவிட்டால் கணிதம் எடுக்கட்டும். ஆறாம் வகுப்பு முதல் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். நான்கு ஆண்டு வட்டி கட்டி வாங்கும் பொறியியல் இடத்தில், அந்த உரையாடல் அறையில் இருப்பவர்களைவிடச் சிறந்த ஆசிரியர்கள் கிடைப்பார்கள் என்பதற்கு உங்கள் அண்ணனிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?

பதினெட்டு வயது நிரம்பியதும் அவள் அவுட்ரீச்சிக்கு விண்ணப்பிக்கட்டும். திறந்த மூலத் திட்டங்களில் வீட்டிலிருந்தே செய்யும் மூன்று மாதப் பயிற்சிப்பணி அது. ஊக்கத்தொகை 7,000 அமெரிக்க டாலர். போட்டி கடுமையானது, கிடைத்தே தீரும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஆனால் விண்ணப்பக் காலத்திலேயே தான் தேர்ந்தெடுக்கும் திறந்த மூலத் திட்டத்துக்குச் சிறு பங்களிப்புச் செய்து காட்ட வேண்டும் என்பது விதி, அந்தப் பழக்கம் உங்கள் மகளுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது.

இந்த வாரம் அண்ணனை வீட்டுக்கு அழையுங்கள். அந்த 'கொ' திருத்தத்தை அவள் அவருக்குத் தமிழில் விளக்கட்டும். எந்தப் படிப்பு வேண்டும் என்பதை அவளையே முதலில் சொல்லவிடுங்கள், அதன் பிறகு செலவுக் கணக்கைப் பேசுங்கள்.